படிவத்தின் ஓரத்தில் நீ சொன்னவை

"சோறு ஆறுது" என்பதை மட்டும் வாயால் சொல்லி, மற்றதையெல்லாம் கண்ணாலேயே சொல்லி முடித்த என் நஸீமாவுக்கு,

இன்று காலை என் மானம் போனது. அதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடியிருப்பாய்.

இன்று மிஸ் வருகிற நாள். உடப்பிலிருந்து வருவாரே, பிள்ளைகளின் உடம்பும் மனசும் எப்படி வளர்கின்றன என்று நம் மகள் பிறந்ததிலிருந்து வருடா வருடம் எழுதிக்கொண்டு போகிற ஆராய்ச்சி மிஸ், அவர்தான். வழக்கம்போல நான் விடியவே மூன்று வாழைப்பழங்களை மகளுக்கு முன்னால் வைத்தேன். பழத்துக்கு மேல் இரண்டு கிளாஸ் தண்ணீர். தராசு நம்மை ஊருக்கு முன்னால் கைவிடக்கூடாதே! அவள் மறுபேச்சுப் பேசாமல் தின்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை.

மிஸ் வந்து கதிரையில் உட்கார்ந்தார். "இந்த முறை நிறுக்கிறதில்ல நானா. கேள்வி மட்டுந்தான். இதோட முடிஞ்சிது" என்றார். பிறகு தட்டில் கிடந்த தோல்களைப் பார்த்தார். "ஒவ்வொரு வருஷமும் இந்தத் தோல் கிடக்கும். நாங்களும் மனசுக்குள்ள கொஞ்சம் கழிச்சிப்போட்டுத்தான் பாக்கிற" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பதில் எனக்கு எப்போது குறை இருந்தது?

நான் எட்டாம் வகுப்பு. போட் எஞ்சின் திருத்துகிறவன். எண்ணெய் இல்லாமல் ஓட்டிக் கருக்கிவிட்டு, "சும்மாதான் நிண்டுது நானா, ஒண்டும் செய்யல்ல" என்று எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "உள்ளதச் சொன்னாத்தானடா திருத்தலாம்" என்று அவர்களை ஏசுவேன். களப்புக்கரை முழுக்கக் கேட்கும். அதே வாயால்தான் மிஸ்ஸின் கேள்விகளுக்கும் பதில் சொல்லி வந்தேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டங்கள். ஓம், இல்லை, தெரியாது. பிள்ளை காரணமில்லாமல் அழுகிறதா? இல்லை. பயப்படுகிறதா? இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறதா? ஓம், ஓம். மூன்றாவது கட்டத்தை ஒரு தடவைகூட நான் தொட விட்டதில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றித் தெரியாது என்று சொல்ல நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா?

மகளுக்கு எட்டு வயதில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. பாடசாலை போகப் பயப்படுகிறாரா என்று மிஸ் கேட்டார். நான் "இல்ல" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "ஓம் மிஸ். ஸ்கூல் நாளெண்டா சத்தி எடுக்கிறா, தின்ன சாப்பாடெல்லாம் வெளிய வந்திருது. தலமுடிய அவளே புடுங்கிறா."

நான் என்ன சொன்னேன்? "இவ அகதி முகாம்ல வளந்தவ மிஸ். கேக்கிறவங்களுக்கு நோவச் சொன்னா அரிசி தருவாங்கெண்டு பழகிப் போயிட்டா. நாங்க அகதியில்லதானே."

சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வயதுக்கு வந்தவள் நீ. அந்தக் கொட்டிலிலிருந்து உன்னை மாலையிட்டுக் கூட்டிவந்தவன் நான். அப்படி இருந்தும் சொன்னேன், அதுவும் சிரித்துக்கொண்டு. மிஸ் சிரிக்கவில்லை. நீ திரையை விட்டுவிட்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு கேள்வி நேரத்தில் நீ அந்தப் பக்கமே வரவில்லை. மிஸ்ஸை வாசல் படலைவரை கொண்டுபோய் விடுவதற்கு மட்டும் வருவாய். மரியாதை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மிஸ் ஒரு துண்டு எழுதித் தந்தார். புத்தளம் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனசைப் பார்க்கிற கிளினிக்குக்கு. "ஒருக்காப் போய்ட்டு வருவமே" என்று நீ மூன்று முறை கேட்டாய். "அந்தக் கிளினிக்குக்குப் போன புள்ளய நாளைக்கு எவன் முடிப்பான்?" என்று கேட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்போதே மாப்பிள்ளை பார்த்த மேதை நான்.

முடி கொட்டுவதற்குப் பேன்தான் காரணம் என்று எண்ணெய் வாங்கி வந்தேன். உச்சியில் முடி போய் வட்டமாக வெளுத்தபோது "இறகு புடுங்கின கோழிக்குஞ்சு" என்று பட்டம் வைத்தேன். அவளும் சிரித்தாள், நஸீமா. அதுதான் இப்போது நெஞ்சில் நிற்கிறது. கொஞ்ச நாளில் வீட்டுக்குள்ளும் துப்பட்டாவைக் கழற்றாமல் இருக்கத் தொடங்கினாள். நான் பள்ளிவாசலில் போய், என்ட மகளுக்கு இந்த வயசிலேயே மார்க்கப் பற்று என்று பெருமையடித்தேன்.

இன்று மகளைத் தனியாக வைத்து எழுதச் சொல்ல மிஸ் அறைக்குள் போனார். சரிபார்க்கக் கொண்டுவந்த பழைய படிவங்கள் கதிரையில் கிடந்தன. என் பதில்களை நானே பார்த்து ரசிக்கலாம் என்று புரட்டினேன். பேனையால் போட்ட சரிகள் எல்லாம் என் பதில்கள். ஓரத்தில் பென்சிலால் வேறு ஏதோ எழுதியிருந்தது.

எட்டு வயதுத் தாளில்: "தாய் வேறு சொல்கிறார்." பத்து வயதில்: "தாய்: முடி பிடுங்குவது கூடியிருக்கிறது." பன்னிரண்டில்: "தாய்: பிள்ளை சாப்பாட்டை ஒளித்துக் கோழிக்குப் போடுகிறார். கிளினிக்குக்குத் தந்தை இன்னும் சம்மதிக்கவில்லை."

பதின்மூன்றில் ஓரம் வெறுமையாக இருந்தது. பதினான்கிலும் அப்படித்தான்.

படலையடியில் நின்று வருடா வருடம் சொல்லியிருக்கிறாய். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போனதை அந்த வெள்ளை ஓரம் எனக்கு இரண்டாம் தடவை சொன்னது.

மிஸ் வெளியே வந்ததும் கேட்டேன். "இதெல்லாம் ஏன் மிஸ் உள்ளுக்கு ஏறல்ல?"

"பதில் சொல்றவரெண்டு பதிஞ்சது உங்களத்தானே நானா. நீங்க சொன்னதுதான் கொழும்புக்குப் போகும். படலைக்கிட்ட ராத்தா சொன்னத விட மனசில்லாம பென்சிலால எழுதி வெச்சன். எனக்கு ஏலுமானது அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். உயரம் அளந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், பல்லை எண்ணினார்கள். ஒருத்தர்கூடப் பென்சிலை வாசிக்கவில்லை. நல்ல வளர்ச்சி, மனக்குறை இல்லை என்று நம் மகள் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் சுகமாக இருக்கிறாள். அவர்களைத் திட்ட வாய் வருகிறது. ஆனால் திட்டத் தொடங்கினால் முதல் ஆளாக என் பெயர்தான் வருகிறது. நான் என்ன செய்ய?

"மகள் என்ன எழுதினா?" என்று கேட்டேன்.

"அதச் சொல்ல ஏலாது நானா. ஆனா பத்து நிமிஷத்தில முடிச்சிட்டா. இவ்வளவு கெதியா முடிக்கிற புள்ளயளப் பாத்தா எனக்குப் பயம்."

யோசிக்காமல் 'இல்லை, இல்லை' என்று போட்டுக்கொண்டு போக யாரிடம் படித்தாள் என்று மிஸ்ஸும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு எனக்கான கடைசிக் கேள்வி. "மகள்ட மனசில இப்ப என்ன கஷ்டம் இருக்கெண்டு நினைக்கிறீங்க?" பென்சில் எழுத்தை அப்போதுதான் பார்த்திருக்கிறேன், இல்லையா? ஆனாலும் வாய் பழைய வாய். "வயசுப் புள்ளதானே மிஸ். ஸ்கூல் சோதனை வருது, அந்தக் கவலதான்" என்றேன். தேத்தண்ணி கொண்டுவந்த மகள் அதைக் கேட்டாள். துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓம் மிஸ், வாப்பா சொல்றது சரி" என்றாள். என்னைக் காப்பாற்றினாள். எத்தனை வருடமாகக் காப்பாற்றுகிறாளோ?

மிஸ் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். உன் தொழுகைத் துணிக்கு அடியில் மிஸ் எழுதித் தந்த அந்தக் கிளினிக் துண்டு மடித்தபடி இருந்தது. எழுத்து மங்கியிருக்கிறது, வாசிக்கலாம். கிளினிக் நாளான வருகிற செவ்வாய்க்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் புத்தளம் போவேன். வழியில் யாராவது எங்கே பயணம் என்று கேட்டால் பல்வலி என்று சொல்ல மாட்டேன். டொக்டர் கேட்கும்போது அவள் வாயைத் திறக்கும்வரை என் வாயை மூடி வைத்திருப்பேன். நம்ப மாட்டாய். ஆனாலும் உனக்குத் தருகிற வாக்கு இது.

மிஸ் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது ஒரு பதில் என் தொண்டைவரை வந்து நின்றது. மூன்றாவது கட்டத்துக்கான பதில். மகளுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை:

"எனக்குத் தெரியாது மிஸ். தெரிஞ்சவ மௌத்தாகிட்டா."

இப்படிக்கு,
உன் மகளின் வாப்பா