நீல மூடி போட்ட பம்பு

மார்ச் 3, செவ்வாய்

மாட்டு டாக்டரம்மாவின் ஜீப்பில் புது இஞ்சின் உட்கார்ந்துவிட்டது. புதுசு என்றால் கடையிலிருந்து வந்த புதுசு இல்லை. பின்பக்கம் நசுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றியது. முப்பத்து நான்கு வயது ஜீப் அதை ஏற்றுக்கொள்ள ஆறு நாள் முரண்டு பிடித்தது. இஞ்சின் உட்காரும் தாங்கியை மூன்று தடவை வெட்டி வெட்டி ஒட்டினோம்.

இனி பெட்ரோல் பம்பு பாக்கி. பழைய இஞ்சினின் விலாவில் ஒரு சின்னப் பம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அது பெட்ரோலை உறிஞ்சிக் கொடுத்தால் போதும், கார்புரேட்டர் குடித்துக்கொள்ளும். இது இன்ஜெக்‌ஷன் இஞ்சின். இதற்குக் கரண்டில் ஓடும் பம்பு வேண்டும், அதுவும் நல்ல அழுத்தத்தோடு தள்ள வேண்டும். "பம்பை நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க மாமா" என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டான். என் மனைவியின் தம்பி. அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பட்டறையில் என் பேர் புத்தகம். எந்த வண்டியில் எந்த போல்ட் என்று கேட்டால் நாற்பது வருடத்துக்கு முந்தையதையும் சொல்லுவேன். வயர் வேலை செய்கிறவனுக்குக் கரண்டு என்று பேர். இன்று அவன், "அண்ணே, உங்களுக்கு ஸ்கேன் எடுத்தா டாக்டர் பயந்துருவார், உள்ள பூராவும் நட்டு போல்ட்டுதான் தெரியும்" என்றான். சிரித்தேன்.

நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது, ஆனால் கொச்சையாகப் பேசினால் தப்பாக எழுதுகிறதாம். அதனால் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். மனைவி அடுப்படியிலிருந்து சிரிக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

பம்பு வாங்கியாயிற்று.

கடையில் ஏழெட்டுப் பேர். கடைக்காரர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே இரண்டு பெட்டியை என் பக்கம் தள்ளினார். "ரெண்டுமே இன்ஜெக்‌ஷனுக்குத்தான். எதுன்னு பாத்து எடுத்துக்கோங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கு எழுத்து தெரியாது. இது தெரிந்தது மனைவிக்கு மட்டும். இப்போது இந்தப் போனுக்கும். மகளுக்குக்கூட நான் கண் சரியில்லாதவன், அவ்வளவுதான். எண்கள் தெரியும். பெட்டியில் எண்கள் வரிசையாக இருந்தன. ஆனால் எந்த எண் எதைச் சொல்கிறது என்பது பக்கத்தில் இருக்கிற எழுத்தில் அல்லவா இருக்கிறது? கண்ணாடியை எடுத்து மாட்டினேன். பெட்டியைத் தூரமாகப் பிடித்தேன், கிட்டே கொண்டுவந்தேன். தலையை ஆட்டினேன். இதையெல்லாம் நன்றாகவே செய்வேன்.

பிறகு பெட்டிகளைத் திறந்தேன். இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். ஒன்றுக்கு நீல மூடி, மற்றதற்குக் கறுப்பு மூடி. பதினொரு வருடத்துக்கு முன் இதே இஞ்சினுக்கு ஒரு பம்பு போட்டிருக்கிறேன். அன்று வியாழக்கிழமை, பட்டறைக்குள் மழைத்தண்ணீர் வந்துவிட்டது, பலகைமேல் படுத்து மாட்டினேன். நீல மூடி. கண்முன்னால் நிற்கிறது.

"பாத்துட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பாத்துட்டேன்" என்று நீலத்தை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

டேங்குக்குப் பக்கத்தில், டேங்கைவிடத் தாழ்வாகப் பம்பை மாட்டினேன். இந்த மாதிரிப் பம்புக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. வயரைக் கரண்டு இழுத்தான். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. சமதரைச் சாலையில் பத்துச் சுற்று, ஒரு திணறல் இல்லை.

டாக்டரம்மா வந்து சாவியை வாங்கிக்கொண்டார். "மலை ஏறுமா ஐயா? மேல இருக்கிற பட்டிக்கெல்லாம் வாரம் ரெண்டு தடவை போகணும்."

"கண்ண மூடிக்கிட்டு ஏறுங்கம்மா" என்றேன்.

மார்ச் 14, சனி

டாக்டரம்மாவுக்கு இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

கன்று போட முடியாமல் கிடந்த ஒரு மாட்டுக்காகப் போயிருக்கிறார். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில், செங்குத்தான இடத்தில், அழுத்த அழுத்த வண்டி இரும ஆரம்பித்திருக்கிறது. பிறகு நின்றேவிட்டது. இஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும். இரண்டு காலையும் வைத்து மிதித்திருக்கிறார். அப்படியும் பின்னால் உருண்டு மண்மேட்டில் மோதி நின்றிருக்கிறது. அந்தப் பக்கம் மேடு. இந்தப் பக்கம் பள்ளம்.

மாடும் பிழைக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

இதைச் சொல்லத்தான் வேண்டுமா?

வண்டியை இழுத்து வந்தார்கள். முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சமதரையில் நன்றாக ஓடுகிறது, ஏற்றத்தில் பெட்ரோல் போதவில்லை. பம்புக்குக் கரண்டு குறைவாகப் போனாலும் அப்படி ஆகும். "மெலிசான வயரப் போட்டுட்டியா?" என்று கரண்டைக் கேட்டான்.

"முதலாளி, தடிமனான வயரு, தனி ரிலே. பிரிச்சே காட்டுறேன், பாருங்க."

"எத்தன இடத்துல ஒட்டுப் போட்டியோ, யாருக்குத் தெரியும்!"

பிறகு முதலாளி என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க மாமா. பம்பு சரியானதுதானே?"

"பாத்துத்தான் வாங்கினேன்."

"அப்ப வயர்தானே?"

கரண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் நமக்காகப் பேசுவார் என்ற பார்வை.

"வயராக்கூட இருக்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் கையிலிருந்த டெஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். முதலாளியும் கூப்பிடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கரண்டின் டெஸ்டர் மேசைமேலேயே கிடக்கிறது.

மார்ச் 18, புதன்

மத்தியானம் முதலாளி வெளியே போயிருந்தபோது சோதித்துப் பார்த்தேன். இஞ்சினிலிருந்து மீந்த பெட்ரோல் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு டின்னில் விட்டேன். கரண்டு இழுத்திருந்த வயரிலேயே பம்பை ஓடவிட்டு அறுபது எண்ணினேன். டின்னில் வந்த அளவுக்கு ஒரு கோடு போட்டேன். கொட்டிவிட்டு, பேட்டரியிலிருந்து விரல் தடிமன் வயரை நேராகப் பம்புக்குக் கொடுத்து மறுபடி அறுபது எண்ணினேன்.

அதே கோடு. ஒரு நூல்கூட ஏறவில்லை.

வயரில் குற்றமே இல்லை. இந்த இஞ்சினுக்கு டின் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். பாதிகூட வரவில்லை. பம்பு சின்னது.

டின்னைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எதுக்குடா சோதிச்சே அப்போ? தெரிஞ்சுக்கத்தானே? தெரிஞ்சிருச்சில்ல?

மார்ச் 20, வெள்ளி

பம்பு வந்த பெட்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்தேன். "படி."

அவளும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். வண்டிகளின் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாம் சின்னக் கார்கள். கடைசி வரியில் ஆயிரத்து இருநூறு சிசி வரைக்கும் என்று இருந்தது. டாக்டரம்மாவின் இஞ்சின் இரண்டாயிரம்.

என் நினைவு தப்பவில்லை. அன்று மாட்டியது நீல மூடிதான். நடுவில் கம்பெனிக்காரன் மூடியின் நிறத்தை மாற்றிவிட்டான். எந்த வண்டிக்கு எது என்று பெட்டிமேல் எழுதிவிட்டுத்தான் மாற்றியிருக்கிறான், படிக்கிறவர்களுக்காக.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மணிக்கட்டு, மாடு, கரண்டு, நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தை. அவள் பெட்டியை மூடி என் மடியில் வைத்தாள்.

"கடையில நின்னு எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?"

"ஏழெட்டுப் பேர் இருந்தாங்க."

"நாப்பத்தி மூணு வருஷமா உங்க கையெழுத்த நான்தாங்க போட்டுட்டு வர்றேன். ஒருநாள் முகம் சுளிச்சிருக்கேனா? ஆனா இதுக்கு என்னால கூட நிக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கும் குடும்பம் இருக்கு."

மார்ச் 21, சனி

கரண்டு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் மனைவி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பம்பு தப்பு. வயர் சரி. எனக்கு எழுத்து தெரியாது.

கரண்டு, "புத்தகத்துக்குப் படிக்கத் தெரியாதா?" என்றான். சிரிப்பான் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை.

"படிக்கத் தெரியலேங்கறதுக்கு ஒண்ணுமில்லண்ணே. எங்கப்பாவுக்கும் தெரியாது. ஆனா அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னீங்க பாருங்க..." என்று நிறுத்தினான். "பதினாறு வருஷமா உங்க பக்கத்துல நின்னு வேலை செஞ்சிருக்கேன். நான் ஒட்டு வயர் போடுறவனா?"

"இல்ல."

"அத எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? அங்க வந்து சொல்லுங்க."

மார்ச் 23, திங்கள்

சொன்னேன். கரண்டும் வந்திருந்தான், டாக்டரம்மாவும் மாவுக்கட்டோடு வந்திருந்தார்.

முதலாளி நம்பவில்லை. "மாமா, அவனக் காப்பாத்தணும்னு இப்படியெல்லாம் சொல்லாதீங்க. அந்தா, போர்டப் படிங்க பாப்போம்!" என்று பட்டறைப் பலகையைக் காட்டினான். கடகடவென்று ஒப்பித்தேன். இருபத்தெட்டு வருடமாகத் தொங்குகிற பலகை, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதா? "பாத்தியா!" என்று கரண்டிடம் சிரித்தான்.

நான் மேசையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "இத எங்கிட்ட நீட்டிப் படிக்கச் சொல்லு."

நீட்டினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில் அவனே ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமல், "தலைகீழாக் குடுத்துட்டேன் மாமா" என்றான்.

டாக்டரம்மா மட்டும் என்னை நேராகப் பார்த்தார். "வாயில்லாத ஜீவன்கிட்ட எங்க வலின்னு கேட்டா அதால சொல்ல முடியாது. உங்களுக்கு வாய் இருந்துச்சே ஐயா."



மார்ச் 24, செவ்வாய்

அதே கடை. இன்றும் கூட்டம். ஜீப்பின் இஞ்சின் பேரைச் சொல்லி, கடைக்காரர் என் பக்கம் தள்ளிய பெட்டியைத் திருப்பி அவரிடமே கொடுத்தேன். "எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுச் சொல்லிக் குடுங்க." கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. நாலு தலை திரும்பியது. கடைக்காரர் போனை வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

கறுப்பு மூடி.

ஏப்ரல் 2, வியாழன்

வண்டி மலை ஏறி இறங்கிவிட்டது. கரண்டுதான் ஓட்டினான், டாக்டரம்மா பக்கத்தில். பின்சீட்டில் நான் ஏறப் போனேன். "வேண்டாம்ணே, நாங்களே பாத்துக்கிறோம்" என்றான். மூன்று மணி நேரம் பட்டறை வாசலில் நின்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

கரண்டு மறுபடி வேலைக்கு வந்து மூன்று வாரமாகிறது. என்னோடு பேச்சு இல்லை. அண்ணே என்பது இல்லை, கிண்டலும் இல்லை. டெஸ்டர் வேண்டுமென்றாலும் முதலாளியிடம் கேட்கிறான், அது என் கைக்குப் பக்கத்தில் கிடந்தாலும்.

இன்று ஒரு லாரிக்குச் சாமான் வந்தது. ஐந்து பெட்டி. நான் இந்தப் பக்கம் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கரண்டு பெட்டிகளை வரிசையாக வைத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தான். பேர், எண், எந்த வண்டிக்கு, எல்லாம். அவனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, ஒன்றுகூட வயர் சாமான் இல்லை. முதலாளியும் அப்போது உள்ளே இல்லை.

மூன்றாவது பெட்டியை வேகமாகப் படித்துவிட்டான். எனக்குப் பிடிபடவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"இன்னொரு தடவை" என்றேன்.

திரும்பாமலே இன்னொரு தடவை படித்தான்.