உப்புப் போட்டாயா, இல்லையா?

இன்று உன் வீட்டுக் கொல்லையில் சோப்புத் தூள் கரைத்த வாளி இருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் நம் ஆய்வுக்கூடத்துத் தொட்டி ஞாபகம் வந்துவிட்டது. அதில் இருப்பது, பக்கத்து அணு உலையிலிருந்து நியூட்ரினோ என்ற நுண்துகள் வந்து எலெக்ட்ரானில் மோதினால் ஒரு துளி வெளிச்சம் மினுக்கிக் காட்டும் எண்ணெய். சோப்புத் தூள் செய்கிறவர்கள் வாங்கும் அதே சரக்கு. "துணி தொவைக்கிறதை வெச்சுக்கினு இன்னா வேலை பாக்கறோம் பாருடா" என்று சிரிப்பாய். நான் சின்ன காஞ்சிபுரத்துக்குத் துக்கம் விசாரிக்க வரவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டு வந்தேன்.

நம் குழுவில் ஒரு வழக்கம் உண்டே. ஒருவர் மட்டும் யாருக்கும் தெரியாமல் தரவில் பொய் மினுக்கல்களைக் கலந்துவிடலாம். உப்புப் போடுவது என்போம். ஆசையில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான். போட்டாரா இல்லையா என்பதை ஆய்வு முடிந்த பிறகே சொல்வார். அந்தப் பொறுப்பை நீ அடம்பிடித்து வாங்கிக்கொண்டாய். உன்னைவிடச் சந்தேகப் பிராணி யார்? உங்கள் வீட்டுத் தறியில் இறங்கிய புடவையைக்கூடத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பாய். "மொகத்தைப் பாத்தா எல்லாமே அழகுதான்டா!" என் வரைபடத்துக்கும் அதே கதி. "அணு உலை நின்னுக்கினு இருந்த நாளை மொதல்ல காட்டு" என்பாய். உலை நின்றால் அங்கிருந்து நியூட்ரினோ வராது; அப்போதும் அதே மினுக்கல் தெரிந்தால் அது வெறும் குப்பை.

போன மாதம் ஆய்வு முடிந்தது. எதிர்பார்த்ததைவிட மினுக்கல்கள் கூடுதல். இதுவரை யாரும் காணாதது. என் வாழ்நாள் உழைப்பு. ஆனால் நீ மாரடைப்பில் வாயைத் திறக்காமலே போய்விட்டாயே, பாவி! இது இயற்கையா, உன் உப்பா? குழுவுக்கு வெளியே ஒருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும் என்பது விதி. கேட்டவர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில்தான் உன் மனைவி மேல் சந்தேகம் வந்தது.

காபியைக் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலைய முடிச்சிட்டீங்களாண்ணா? இனிமே எதையும் மாத்த மாட்டீங்களே?"

"மாத்த மாட்டோம்மா. சத்தியமா."

"உங்க சத்தியத்தை நம்பாதேன்னுதான் சொல்லி வெச்சாரு." காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "அவரு ஒண்ணுமே போடலையாம்ணா. 'போட்டேனா இல்லியான்னு பயந்துக்கினே அவன் ஒழுங்கா வேலை செய்வான், அது போதும்'னு சிரிச்சாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியானால் உப்பு இல்லை! சந்தோஷத்தைச் சொல்லத்தான் என் ஆய்வு மாணவிக்குப் போன் போட்டேன். வாயில் வந்ததோ வேறு.

"உலை நின்ன நாளை இன்னொரு தரம் பாரும்மா."

"எத்தனை தடவைதான் சார் பாக்கறது?" என்றாள் சலிப்பாக.

நானும் உன்னை இப்படித்தான் கேட்பேன். "எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும்" என்பாய். உனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது எனக்கும் வரவில்லை. அந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்துவிட்டாய். நீ இருந்தவரை நான் தைரியமாக நம்பினேன். என் பங்குக்கும் சேர்த்து நீ சந்தேகப்பட்டாய். இனி இரண்டு வேலையையும் நான் ஒருவனே பார்க்க வேண்டும்.