இடது பக்கம் திருப்பினால்

மே 18

வேனின் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. வண்டி நேராகப் போகும்போது வீல் மட்டும் வலது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. பிரார்த்தனை முடிந்து திரும்பும் வழியில் இவரிடம் கேட்டேன். "ரோடு அப்படி" என்றார். ரோடு கோணல் என்றால் இரண்டு பக்கமும் வீடுகள் சரிந்தல்லவா நிற்க வேண்டும்?

இந்த வீட்டில் எதற்கும் ஒழுங்கான வைத்தியம் கிடையாது. நாற்காலி ஆடினால் இவர் டீ பாக்கெட் அட்டையை நாலாக மடித்து, ஒரு மூலையை உள்ளே செருகி, காலுக்கு அடியில் வைத்துவிடுவார். ஜன்னல் தடதடத்தால் அட்டை. அலமாரி மூடாவிட்டால் அட்டை. இன்று பெருக்கும்போது எண்ணினேன். ஒன்பது.

என் வேலை அப்படி இருக்காது. மாமனார் வாங்கிய வேன் அது, எனக்கும் அதற்கும் ஒரே வயது. அதைத் தெரிந்த மெக்கானிக்கும் இல்லை, பாகமும் கிடைப்பதில்லை. கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து, ஏப்ரல் 11 அன்று ஹாரனை நான்தான் பிரித்துச் சரிசெய்தேன். நோட்டில் இருக்கிறது: கழற்றியது பதினொன்று, பூட்டியது பதினொன்று. எல்லாவற்றுக்கும் டிக்.

மே 21

இவர் ஹோட்டல் அழுக்குத்துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாண்டரிக்குப் போகிற வழியில், மழையில், மூலைத் திருப்பத்தில், எங்கள் தெருத் தையல்காரர் மேல் வண்டி இடித்துவிட்டது. ஹாரன் அடிக்கவில்லையாம். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு.

வலது கை. தையல்காரருக்கு.

ஹாரனில் கைவைத்தது நான்.

மே 22

நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். விசாரிக்க வந்தவள் ஆசனத்தில் ஏறி நீதிபதி ஆகிவிட்டாள். "அண்ணி, உங்க கை சாமி கும்பிடற கை. அது எதுக்கு ஸ்பானரைப் பிடிக்கணும்? ஒரு ஆம்பளைகிட்ட விட்டிருந்தா இந்தப் பாவம் வந்திருக்குமா?"

இவர் எதிரேதான் இருந்தார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவ நல்லாத்தான் செஞ்சா" என்று நாலு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? இருபத்திரண்டு வருஷம் இந்த மனிதருக்குச் சட்டையில் ஒரு பட்டன் குறையாமல் பார்த்திருக்கிறேன்.

தெரு முழுக்க இதே பேச்சு. பால்காரி என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறாள்.

மே 23

பிரார்த்தனையில் உட்கார்ந்தேன். திட்டத்தான் வந்தது. எழுந்துவிட்டேன்.

மே 25

நானே மறுபடி பிரித்துப் பார்க்கப்போகிறேன். தப்பு என்னுடையது என்றால் தையல்காரர் காலில் விழுவேன். இல்லை என்றால் நாத்தனார் காதில் விழுகிற மாதிரி சொல்வேன். இரண்டில் ஒன்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

"வேனைப் பிரிக்கப்போறேன்" என்றேன். "அதான் ஓடாம நிக்குதே, விடேன்" என்றார். விடுவதா!

மே 26

ஸ்டியரிங் வீலைக் கழற்றினேன். கழற்றியதும் ரத்தம் கொதித்தது.

ஏப்ரலில் நான் கழற்றும்போதே தண்டில் ஒன்று, வீலில் ஒன்று என்று வெள்ளை பெயின்டால் புள்ளி வைத்திருந்தேன். இரண்டும் நேருக்கு நேர் வரும்படி மாட்டினால்தான் வீல் நேராக நிற்கும் என்று கையேட்டில் இருக்கிறது. அப்படித்தான் மாட்டினேன். இன்று பார்த்தால் வீலின் புள்ளி, தண்டில் வெட்டிய பற்களில் ஒரு பல் தள்ளி நிற்கிறது.

எனக்குப் பிறகு யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றி, தப்பாக மாட்டியிருக்கிறார்கள்! ரோடு அப்படியாம், ரோடு!

போன மாதம் டயர் மாற்ற வண்டியை மூலைக்கடை மெக்கானிக்கிடம் விட்டோம். வேறு யார்? ஸ்பானரை அங்கேயே எறிந்துவிட்டு, கிரீஸ் கையோடு கிளம்பினேன். நாலு பேர் பார்க்க அவனை நிற்கவைத்துக் கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, நான் டயர்தான் மாத்தினேன். அந்த வீலைக் கழட்டற கருவியே எங்கிட்ட கிடையாது. அது உங்க வீட்லதானே இருக்கு?"

எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மாமனாரின் பெட்டியில்.



மே 27

பாதியில் விட்ட இடத்திலிருந்து பார்த்தேன். வீலுக்கு அடியில் ஒரு பித்தளை வளையம். அதைத் தொட்டபடி ஒரு பித்தளை நாக்கு. இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பட்டனை அழுத்தும்போது ஹாரன் அடிக்கும்.

நடுவில் ஓர் அட்டை.

டீ பாக்கெட் அட்டை. நாலாக மடித்து, ஒரு மூலையை உள்ளே செருகி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கின்றன! இவர் தங்கை என்னைப் பாவி என்கிறாள், இந்த மனுஷன் டம்ளரைப் பாக்கறாரு! எப்படி முழுங்க முடிஞ்சது? சோத்தைச் சொல்லல, வாயில இருந்த உண்மையைச் சொல்றேன்.

அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். நாளை நாத்தனாரைக் கூப்பிட்டு, எல்லாரும் பார்க்க ஹாரனை அடித்துக்காட்டி, அதன் பிறகு பேசுகிறேன்.

மே 28

கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, புள்ளிக்கு நேராக வீலை மாட்டி, பேட்டரியை இணைத்தேன். பட்டனை அழுத்தினேன். கணீரென்று அடித்தது. அந்த ஒரு நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன்.

வலது பக்கம் திருப்பினேன். ஒன்றுமில்லை. இடது பக்கம் திருப்பினேன். பட்டனைத் தொடவேயில்லை, ஹாரன் தானாக அலறியது. நேராக்கினால் நின்றது. திரும்பவும் இடது, திரும்பவும் அலறல். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பேட்டரியைப் பிடுங்கிவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்தேன்.

நோட்டை எடுத்தேன். பதினொன்றில் ஏழாவது: ஃபைபர் வாஷர். வளையம் இரும்புத் தண்டில் பட்டுவிடாமல் தடுப்பது. டிக் இருக்கிறது. திருகாணி டப்பாவைக் கவிழ்த்தேன். வாஷரும் இருக்கிறது. டப்பாவில்.

ஏப்ரல் 11 நினைவுக்கு வந்தது. இவர் சேற்றுக்காலோடு உள்ளே வந்தார். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் சண்டை போட்டேன். அந்த வேகத்தில் பதினொரு டிக்கையும் ஒரே இழுப்பாகப் போட்டிருக்கிறேன். எண்ணவில்லை. அட்டைகளை எண்ணியவள் வாஷரை எண்ணவில்லை.

நாத்தனாரைக் கூப்பிடவில்லை.

மே 29

அட்டையையும் வாஷரையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இவர் பார்த்தார்.

"ஹோட்டல் வாசல்ல திருப்பும்போதெல்லாம் அலறுச்சு. எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ அதைவிட அலறுவே."

அலறினேன். "ஒரு மாசமா ஹாரன் இல்லாமலா ஓட்டினீங்க?"

"கையை வெளிய விட்டுக் கதவைத் தட்டுவேன். அன்னிக்கு மழை. கண்ணாடி ஏத்தியிருந்தேன்."

"சரி. உங்க தங்கச்சி என்னைக் கிழிச்சப்போ?"

"அப்ப சொன்னா, முன்னாடியே ஏன் சொல்லலேன்னு கேப்பாங்களே."

இதற்கு என்ன செய்வது? ஆண்டவன் இந்த மனிதருக்கு ஆறடி உயரம் கொடுத்தான், முதுகெலும்பு இருக்கிற இடத்தில் மடித்த அட்டையை வைத்துவிட்டான். இதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். பாத்திரம் ஒன்றும் உடையவில்லை. அதுவே பெரிது.

ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் படுத்த பிறகும் குத்துகிறது. அலறுவேன் என்று தெரிந்து, அலறாத வழியைத் தேடியிருக்கிறார். என் கோபத்துக்கு நான் எத்தனை டிக் போட்டிருக்கிறேன்?

ஜூன் 1

இருவரும் தையல்காரர் வீட்டுக்குப் போனோம். நாத்தனாரையும் வரச்சொன்னது இவர். அவள் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, "அட்டையை வெச்சது நான்" என்றார். அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "வாஷரை விட்டது நான்" என்றேன்.

தையல்காரர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஆக, அம்மா ஹாரன் வாயைத் திறந்துவிட்டாங்க, ஐயா வாயை அடைச்சாரு. உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல என் கை எதுக்குங்க?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. பிறகு, மூலையில் கிடந்த தைக்காத துணிகளைக் காலால் காட்டி, "காஜா எடுக்கத் தெரியுமா?" என்றார். நாளையிலிருந்து காலையில் அவர் கடை. எனக்குப் பட்டன் துளைக்குக் காஜா, ஓரத்துக்கு ஹெம்மிங். மூட்டை தூக்கி வீடு வீடாகக் கொடுப்பது இவர்.

வரும் வழியில் மெக்கானிக் கடையில் நின்றேன். "நாலு பேர் முன்னாடி திட்டினேன், நாலு பேர் முன்னாடியே சொல்றேன், தப்பு என்னோடது" என்றேன். "பரவால்லக்கா, ஆனா அன்னிக்கு ஆள் அதிகம்" என்றான். கொழுப்பு.

ஜூன் 3

வாஷரைப் போட்டேன். எண்ணிப் போட்டேன். இவர் வாய்விட்டு எண்ண, நான் டிக் போட்டேன். இடது பக்கம் முழுக்கத் திருப்பியும் சத்தமில்லை.

ஜூன் 17

தையல்காரர் என் காஜாவைப் பிரித்து மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

ஜூன் 24

காலையில் இவர் அடுப்பருகே வந்து நின்றார். வாசலுக்கும் எனக்கும் நடுவில், கை எட்டுகிற தூரத்தில்.

"இடது பக்கம் திருப்பினா கிறீச்சுங்குது. நீ வெச்ச கிரீஸ் பத்தலேன்னு நினைக்கிறேன்."

நீ வெச்ச கிரீஸாம். சுர்ரென்று ஏறியது. பத்து வரை எண்ணலாம் என்று ஆரம்பித்தேன், ஏழிலேயே வாய் திறந்துவிட்டது. சேற்றுக்காலில் தொடங்கி எங்கெங்கோ போய்விட்டு வந்தேன்.

முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கையில் கிரீஸ் டப்பா.