‘சங்கு ஊதுவோம்’ என்று எழுதியது நான்தான்

என் அமுதாவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. உன் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. சண்டைக்காரிக்கு எதற்கு அந்தப் பட்டம்? நீ இருந்திருந்தால், “இன்னாம்மே, அதுக்குள்ள என்ன போட்டோல மாட்டிட்டியா?” என்று கேட்டிருப்பாய். மாட்டத்தான் செய்தேன். கடையில் இயேசு படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாய். அவரிடமும் மனு கொடுத்துவிடாதே.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் வழக்கு முடிந்துவிட்டது. வக்கீல் போன் செய்தார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் முடித்து வைக்கப்படுகிறது என்று உத்தரவாம். நீ தப்பு செய்யவில்லை என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. வருடக் கணக்காக வாய்தா வாய்தா என்று இழுத்தடித்தார்களே, உன்னை விடுவிக்க அவர்களுக்கு உன் சாவுதானா கிடைத்தது?

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எல்லோரும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எந்த வரிக்காக உன்னை உள்ளே வைத்தார்களோ, அந்த வரியை எழுதியது நீ இல்லை. நான்.

நம் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழசைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வடசென்னை எர்ணாவூரில் எங்கள் மளிகைக்கடையின் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அந்தச் சுவரை நீதான் என் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கினாய். சாமுவேல் திருநெல்வேலிப் பக்கம், எதற்கும் பத்து முறை யோசிக்கிறவர். “எழுதிக்கோங்க, ஆனா கட்சி கிட்சி வேண்டாம்” என்றார். “கட்சி இல்லண்ணே, நம்ம ஏரியா நியூஸு” என்றாய்.

பக்கத்து ரசாயனக் கம்பெனிக்குள் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலை உனக்கு. அதற்குப் போகிற வழியில் தினமும் நாலு வரி எழுதுவாய். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, நேற்று காற்றில் என்ன நாற்றம், யாரிடம் புகார் கொடுத்தோம், அவர் என்ன சொன்னார். ஒன்றும் சொல்லாவிட்டால் ‘பதில் இல்லை’ என்று எழுதி அதிகாரியின் பதவியையும் கீழே போடுவாய். அவர்களுக்கு உறுத்தியது அந்த இரண்டு வார்த்தைதான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

கம்பெனியைப் பெரிதாக்கப் போகிறோம், மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள் நீ வேலையில் மாட்டிக்கொண்டாய். போனில் எனக்குச் சொன்னாய்: ‘நாளை மண்டபத்துக்கு அதிகாரிகள் வருகிறார்கள். எட்டு மணிக்குச் சங்கு ஊதும், கூடுவோம்.’ இந்தப் பக்கம் கம்பெனி சைரனுக்குச் சங்கு என்றுதான் பெயர். மற்ற ஊர்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நாம் சங்கைக் கேட்போம்.

நான் அதைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போய், சாக்பீஸில் ‘எட்டு மணிக்குச் சங்கு ஊது’ வரை எழுதியிருந்தேன். ஒருவர் வந்து அரைக் கிலோ ரவை கேட்டார். நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், காகிதத்தில் என் கண் ‘ஊதும்’ என்ற இடத்தை விட்டுவிட்டுக் ‘கூடுவோம்’ மேல் போய் நின்றுவிட்டது. மிச்சமிருந்த ‘வோம்’ மட்டும் எழுதி முடித்துவிட்டேன். போர்டில் இப்படி இருந்தது: ‘நாளை மண்டபத்துக்கு அதிகாரிகள் வருகிறார்கள். எட்டு மணிக்குச் சங்கு ஊதுவோம்.’

ஒருத்தனுக்குச் சங்கு ஊதுவது என்றால் அவன் கதையை முடிப்பது என்று இந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் சாயங்காலம்தான் உறைத்தது. நீ வந்து படித்துவிட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். நான் துணியை எடுத்துக்கொண்டு அழிக்க ஓடினேன்.

“வோணாம்மே, இர்க்கட்டும். தெருவே படிச்சிட்டு சிரிச்சிகினு போவுது. சிரிச்சவன் நாளிக்கு கண்டிப்பா வருவான் பாரு” என்றாய்.

மறுநாள் விடிந்ததும் வந்தது போலீஸ்தான். சிரிக்காமல் படித்தவர்கள் அவர்கள் மட்டும். கொலை மிரட்டல் என்றார்கள். போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, “யார் கையெழுத்து இது?” என்று கேட்டார் அதிகாரி. வழக்கம்போல எழுத வந்திருந்த நீ அசரவில்லை. “எங்க ஏரியா கையெழுத்து சார்” என்றாய்.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா? எண்ணெய் டின்களுக்குப் பின்னால், கை விரலில் சாக்பீஸ் தூளோடு. வாயைத் திறக்கவில்லை. நீ ஜீப்பில் ஏறும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் உளறிவிடுவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நீ இல்லாமல் கூட்டம் நடந்தது. ‘எதிர்ப்பு ஏதுமில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஜெயிலில் உன்னைப் பார்க்க வந்தபோது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அதட்டினாய். “நீ சொன்னா கடைய மூடுவானுங்க. கட போனா சுவரு போச்சு. சுவரு போனா எங்க எழுதறது? பேஜாரு பண்ணாம வூட்டுக்குப் போயி தெனம் நாலு வரி எழுது.” எழுதினேன். நீ ஜாமீனில் வரும்வரை ஒரு நாள்கூட விடவில்லை. நீ சொன்னதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது, அமுதா. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வெளியே வந்த உனக்கு வேலை இல்லை. தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு நேராக நம் சுவருக்கு வந்து எழுதுவாய். கோர்ட் வராந்தாவில் உன்னைப் போல எத்தனை பேரைப் பார்த்தோம்? பாட்டுப் பாடியதற்காக ஒருவர், போனில் நாலு வார்த்தை போட்டதற்காக ஒரு பெண், நோட்டீஸ் கொடுத்ததற்காக ஒரு வாத்தியார். யாரும் பெரிய ஆளில்லை, கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றார்கள். நீ அவர்களுக்கெல்லாம் என் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்து, “கருத்து கேட்புன்னா கேக்கணும்ல? காத பொத்திகினு கேட்டா எப்டி?” என்று சிரிக்க வைப்பாய். வாயைத் திறந்தவர்களால்தான் மற்றவர்களின் வாய் இன்னும் துருப்பிடிக்காமல் இருக்கிறது. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

உன் பாடையைத் தூக்கிய அன்று நடந்ததை நீ பார்க்கவில்லையே! பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார்கள், நாங்கள் வந்தோம். ஊர்வலம் கம்பெனி வாசலைத் தாண்டும்போது, சங்கு ஊதும் ஏழுமலை சங்கை வாயில் வைத்தார். அதே நேரம் கம்பெனிச் சங்கு அலறியது. மணி எட்டு. ஏழுமலை சங்கை இறக்கிவிட்டுக் கம்பெனிப் பக்கம் திரும்பி, “நீயே மொதல்ல ஊது மாமு, ஒனக்குத்தான் அவள நல்லா தெரியும்” என்றார். அழுதுகொண்டிருந்த எல்லோரும் குபீரென்று சிரித்துவிட்டோம். உன் சாவிலும் நம் எழுத்துப்பிழை வந்து நின்றது.

இப்போது புதுச் செய்தி. மறுபடியும் விரிவாக்கமாம், மறுபடியும் அதே மண்டபமாம், நாளைக்குக் கருத்துக் கேட்பாம். போன வாரம் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் கடிதத்தோடு கடைக்கு வந்தார். சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, இனி எழுத மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். சாமுவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மெதுவாகப் படித்தார். இவர் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

“இதுல பிழை இருக்கே சார். ‘அறுவெறுப்பு’ன்னு அடிச்சிருக்கீங்க, ‘அருவருப்பு’ன்னு வரணும். ஒரு எழுத்துப்பிழைக்கு எங்க புள்ளைய உள்ள வச்சீங்க. இதுக்கு யாரை வைக்கப் போறீங்க?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வந்தவர் தெருமுனை தாண்டும்வரை மனிதர் வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு டின் கறுப்புப் பெயிண்ட் வாங்கி வந்தார். போர்டு இப்போது பளபளவென்று இருக்கிறது. என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “இந்தத் தடவை ரவை கேட்டா நான் பாத்துக்கிடுதேன்.”

இன்று மத்தியானம் எழுதிவிட்டேன், அமுதா. யாரும் குறுக்கே வரவில்லை, இடமும் நிறைய இருந்தது. திருத்தி எழுத எனக்குத் தெரியும். திருத்தவில்லை. ‘நாளை மண்டபத்துக்கு அதிகாரிகள் வருகிறார்கள். எட்டு மணிக்குச் சங்கு ஊதுவோம்.’ கீழே, ‘அன்று எழுதியதும் நான், இன்று எழுதுவதும் நான். மளிகைக்கடை ஸ்டெல்லா’ என்று போட்டேன். ஏழுமலை வந்து படித்தார். “ஊதுவோம்னு எய்திட்டு ஊதாம இருந்தாத்தான் பொய்யி. நான் சங்க எத்துகினு வரேன்” என்றார்.

வழக்குப் போட்டால் போடட்டும். கடையை மூடினால் கதவிலும் எழுதலாம், கதவு போனால் தரையிலும் எழுதலாம். நாளை எட்டு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதி முடித்ததும், மண்டப வாசலில் நம் சங்கு ஊதும். யாருக்காக ஊதினீர்கள் என்று கேட்பார்கள். நான் எண்ணெய் டின்னுக்குப் பின்னால் இருக்க மாட்டேன். அமுதாவுக்காக என்று மைக்கில் சொல்வேன். மைக்கை அணைத்தால், அதை மறுநாள் போர்டில் எழுதுவேன். பதில் வராவிட்டால் கீழே என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உன்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தும், கடைசிவரை நீ ‘தங்கச்சி’ என்றே கூப்பிட்ட
உன் ஸ்டெல்லா