மாதம்மா திறந்துவிட்ட வேலி

12-5-1983, வியாழன்.

ஊருக்குப் பொதுவாக ஏரிக்கரைப் புறம்போக்கில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து வைத்த தோப்பில் இன்று ஆடு மேய்ந்துவிட்டது. கொய்யா, பலா, முருங்கை என்று பதினெட்டுக் கன்றுகள் மொட்டை. முள்வேலியை விலக்கி ஆடுகளை உள்ளே விட்டவள் மாதம்மா. எங்கள் ஏழு பேரில் கன்றுகளுக்கு அதிகம் தண்ணீர் சுமந்தவள் அவள்தான்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கேட்டேன்.

"எங்கயும் புல்லு இல்லீங்க சார். வூட்ல ரெண்டு குட்டி செத்துப்போச்சு. மிச்சத்தையும் சாகவுடச் சொல்றீங்களா?"

மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இனிமே இந்தப் பக்கம் வராத" என்றேன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்ற அந்த ஐந்து பேரில் முருகேசன் மட்டும் வந்தான். "அந்தக்காவ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றான். குடத்தைத் தொடாமலே திரும்பிவிட்டான்.

கிணற்றிலிருந்து தனியாகப் பதினோரு நடை சுமந்தேன். பாதிக் கன்றுகளுக்குக்கூட எட்டவில்லை. ஊர்த்தோப்பு என்று சொல்லித்தானே அவளைக் கூப்பிட்டேன். வராதே என்று சொல்ல நான் யார்?

நாளை அவள் வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் என்னைப் பார்த்ததும் "உக்காருங்க சார்" என்றுதான் சொல்வாள். அதை நினைத்தால்தான் போகவே பயமாக இருக்கிறது.