பையில் வெளுத்த நீர்

நேற்று திருத்தங்கல் பஸ்ஸில் எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்திருந்த கை மணிக்கட்டு வரை வெள்ளியாக இருந்தது. பட்டாசு ஆலை அலுமினியப் பவுடர். எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்குமே, அதேதான். அப்படியொரு கையோடுதான், அண்ணே, என்னைக் கல்லூரிக்கு பஸ் ஏற்றிவிட வருவாய்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோதும் அது நகக்கண்ணில் இருந்தது. தீபாவளி சீசன் முடியட்டும் என்று சோடா குடித்தே வயிற்றுவலியைத் தள்ளிப்போட்டிருந்தாய். பித்தக்கல் அடைத்துக் கணையம் அழுகத் தொடங்கியிருந்தது. சிறுநீரகம் நின்றுவிட்டது.

கட்டிலருகே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தை வைத்தார்கள். உன் ரத்தம் குழாய் வழியே வெளியே போய், வடிகட்டியைக் கடந்து, உடம்புக்கே திரும்பியது. கழிவு நீர் ஒரு பையில் மஞ்சளாகச் சேர்ந்தது.

பெரியப்பா பார்க்க வந்த சொந்தங்களிடம் அந்தப் பையைக் காட்டினார். "பாத்தீகளா, மூக்குல ஏறுன பட்டாசு மருந்து அம்புட்டும் எறங்குது."

"அது மருந்து இல்ல பெரியப்பா. சிறுநீரகத்தோட வேலைய மெஷின் செய்யுது. கணையம் ஆறுனாத்தான் பிழைப்பான்."

"ஏலே, நீ காலேஜ்ல படிச்சவன். நான் மருந்துக்குள்ளயே கெடந்தவன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள் நீயும் சிரித்தாய்.

பிறகு உனக்கு உடம்பு கொஞ்சம் தெளிந்தது. பையில் விழுந்த நீரும் வெளுத்தது. "சுத்தமாயிருச்சு, கூட்டிட்டுப் போவோம்" என்றார் பெரியப்பா. டாக்டரம்மா உன் முன்னாலேயே சொன்னார்: "சிறுநீர் இன்னும் வரலை. மெஷினை எடுத்தா உயிருக்கு ஆபத்து." நானும் அதையே சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன்.

நீ பெரியப்பாவைப் பார்த்தாய். "ரத்தம்தான் சுத்தமாயிருச்சுல்ல. ஆர்டர் கெடக்கு. நீங்க சொல்றபடியே செய்ங்க."

வேன் விருதுநகர் தாண்டும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. நாரணாபுரம் வீட்டில் மறுநாள் முடிந்தது.

"ரத்தத்தச் சுத்தம் பண்ணித்தான் கூட்டியாந்தோம், அவன் விதி" என்று பெரியப்பா இன்றும் சொல்லித் திரிகிறார். அவர் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போவதில்லை. அந்தக் கோபம் எனக்குப் பழகிவிட்டது.

உன்மேல் உள்ளதுதான் பழகவில்லை. "நம்ம வீட்டுல ஒருத்தனாவது வெவரமாப் பேசணும்லே" என்று சொல்லி என்னைப் படிக்க அனுப்பியவன் நீ. படித்துவிட்டு வந்து பேசினேன். நீ அவர் முகத்தைப் பார்த்தாய்.