வளையத்தில் இருந்த நங்கூரம்

புக்காரெஸ்ட்,
2 மார்ச் 2000

அன்புள்ள அக்லாயா அக்காவுக்கு,

தம்பி திபேரியு எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு பக்கமாவது படி.

ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பாவின் சவ ஊர்வலத்தில், சின்ன மெத்தையில் வைத்து முன்னால் தூக்கிப் போக, அவருடைய போர்ச் சிலுவைப் பதக்கத்தை எடுத்து வந்தாய். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். நாடா கோக்கும் வளையத்தில் செய்தவர் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு நங்கூரக் குறி. பாதிரியார் முன்னாலேயே, "இது நகல். அசலை யாருக்கு வித்த?" என்று கேட்டேன். நீ பதக்கத்தை மெத்தையில் வைத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய்.

போன வாரம் என் பேரனுக்கு ஞானஸ்நானம். என் ஞானஸ்நானச் சிலுவையைத் தேடி எடுத்தேன். அதன் பின்புறத்திலும் அதே நங்கூரம்! நம் கலாட்ஸ் ஊர் நகை ஆசாரி ஆர்த்தினின் முத்திரை அது. பதக்கம் அசல்தான், வளையத்தை மட்டும் அவர் மாற்றியிருக்கிறார். பதக்கம் சேர்க்கிற எங்களுக்கு வளையத்தைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிடுகிற புத்தி. இந்த வகைப் பதக்கத்தில் சிலுவையின் கீழ்ப்பக்கக் கையின் விளிம்பிலும் செய்தவர் முத்திரை ஒன்று உண்டு. கோபத்தில் நான் அங்கே பார்க்கவே இல்லை.

நீயும் பார்க்க வேண்டாம் அக்கா. எனக்குச் சாட்சி தேவையில்லை. அப்படிக் கேட்ட பிறகும் மூன்று நாள் எனக்குச் சூப் வைத்துப் போட்டாயே, அதற்கு இப்போதுதான் நன்றி சொல்கிறேன். மன்னிப்பாயா?

உன்
திபேரியு


கலாட்ஸ்,
11 மார்ச் 2000

அன்புத் தம்பிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருப்பேனா? விளிம்பில் முத்திரை இருக்கிறது, கடுகு அளவில்.

வளையம் ஏன் மாறியது என்று நீ கேட்கவில்லை. உனக்கு அப்போது ஆறு வயது. நம் நாய் முர்குவின் கழுத்தில் பதக்கத்தைக் கட்டிவிட்டு, "தளபதி வர்றாரு, வழி விடுங்க!" என்று தெருவெல்லாம் ஓடினாய். வேலியில் மாட்டி வளையம் பிய்ந்தது. நீ கவனிக்கவே இல்லை. அப்பா மறுநாளே ஆர்த்தினிடம் கொண்டுபோனார். என்னிடம், "தம்பிகிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா குமுறிக் குமுறி அழுவான்" என்றார். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

அன்றைக்கு நீ கேட்டபோது அப்பா பக்கத்தில்தான் படுத்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? அதன் பிறகு எனக்கும் ரோஷம். ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நீ முதலில் எழுதினாய், அதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். பாதியை நீயே கண்டுபிடித்துவிட்டாய், மீதியைச் சொன்னதற்கு அப்பா கோபிக்க மாட்டார்.

ஈஸ்டருக்கு வா. முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட என் ஒருத்தியால் முடியவில்லை. பூதக்கண்ணாடி வேண்டாம், கையை வீசிக்கொண்டு வா.

அக்கா
அக்லாயா


புக்காரெஸ்ட்,
17 மார்ச் 2000

அக்கா,

அப்பா சொன்னது சரிதான். அழுதேன், குமுறிக் குமுறி அழுதேன்.

ஈஸ்டர் வரை பொறுக்க முடியாது. அடுத்த சனிக்கிழமை ரயிலில் வருகிறேன்.

தம்பி